கடல் அரக்கரும் வழிநூல் மரபும்



சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி பயின்றோர் பலரும் கேட்டு வளர்ந்த கதை ஒன்றிலிருந்து இவ்வுரையைத் தொடங்குகிறேன். 'செஜாரா மெலாயு' எனும் மலாய் வரலாற்று நூலில் அக்கதை உள்ளது. பண்டைய சிங்கபுரத்தின் கரையில் கூர்மூக்குடைய தோடாக் மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் குத்திக் கொன்றன. அரசர் யானைமீது வந்து பார்த்தார். மக்களை வரிசையாக நிறுத்தி அவர்தம் கால்களையே வேலியாக்குமாறு ஆணையிட்டார். வேலியாக நின்றவர்களும் மாண்டனர். அப்போது ஒரு சிறுவன், கால்களுக்குப் பதிலாக வாழைத்தண்டுகளை நிறுத்தலாமே என்றான். அவ்வாறே செய்தார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்குகள் தண்டில் சிக்கிக்கொண்டன. மக்கள் அவற்றை எளிதில் வெட்டிக் கொன்றனர். இத்தனை அறிவுடையவன் வளர்ந்தால் ஆபத்து என்று அஞ்சிய அரசவை, பின்னர் அச்சிறுவனையே கொன்றது. புக்கிட் மேரா குன்றின் மண் அவனுடைய குருதியால் சிவந்தது என்பது மக்கள் வழக்கு.

இந்தக் கதையில் மூன்று செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து வரும் கேடு. அதனை முதலில் தவறாகக் கையாளும் ஆட்சியாளர். கையில் கிடைத்த எளிய பொருளைக் கொண்டு அதனை வெல்லும் ஒருவர். இன்று நாம் பேசவிருக்கும் திரைப்படங்களில் பெரும்பாலானவை இம்மூன்றையே மாற்றி மாற்றி அடுக்கியவை.

கடல் அரக்கர் படங்களைப் பற்றி மொழி அமைப்பின் மேடையில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். காரணம் சற்றே சொந்தக் காரணம். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் உயர்நிலை இரண்டு மாணவன் ஒருவன் எழுதிய கதைக் கட்டுரையின் ஓரத்தில், சிவப்பு மையால் 'திரைப்பட நகல்' என்று எழுதி, 30-க்கு 11 மதிப்பெண் இட்டேன். அந்த இரண்டு சொற்களையும் அதன்பின் நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அக்கட்டுரைக்குப் பிறகு வருகிறேன்.

நகல் என்னும் சொல்லை இழிவாகப் பயன்படுத்துவது நம் இலக்கண மரபுக்குப் பழக்கமானதன்று. தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்துக் காட்டுகிறது. பின்வந்த நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்கியது. பின்னால் வருபவர் முதல்நூலின் பொருளோடு ஒத்துச் சென்று, தாம் வேண்டும் வேறுபாட்டை அதில் வைக்கலாம் என்பது அதன் கருத்து. வால்மீகியின் வழிச்சென்ற கம்பரை நாம் நகலெடுத்தவர் என்று சொல்வதில்லை. இலக்கண நூலாரின் அளவுகோலைத் திரைப்படத்துக்கு நீட்டுவது சற்றுத் துணிச்சல்தான். ஆயினும் அந்த அளவுகோல் இங்கே எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பது எனக்கே வியப்பளித்தது.

1933-இல் 'கிங் காங்' வெளியானபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அதனைக் கண்டு மயங்கிய சிறுவர்களுள் ஒருவர் ரே ஹாரிஹவுசன். அப்போது அவருக்கு வயது 13. சிறு பொம்மையை மயிரிழை மயிரிழையாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனிச் சட்டமாகப் படம் பிடித்து உயிரூட்டும் கலையை அன்று முதல் தாமே பயின்றார். 1952-இல் 'கிங் காங்' மறுபடியும் திரையிடப்பட்டு நல்ல வருவாய் ஈட்டியது. பழைய படத்துக்கே இத்தனை கூட்டம் என்றால் புதிதாக ஒன்று செய்தால் என்ன என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் விளைவே 1953-இல் யூஜீன் லூரியே இயக்கிய 'த பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்'. வடதுருவத்தில் நடக்கும் அணுகுண்டுச் சோதனையால் பனியில் உறைந்திருந்த பெருவிலங்கு விழித்து, கடல்வழியே நியூயார்க் வந்து சேர்கிறது. விலங்குக்கு உயிரூட்டியவர் ஹாரிஹவுசன்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஃபாதம் என்பது நம் கடலோடிகள் பாகம் என்று வழங்கும் அளவு, ஆறு அடி. 20,000 பாகம் என்பது 36 கிலோமீட்டருக்கும் மேல். உலகின் மிக ஆழமான கடற்பள்ளமே 11 கிலோமீட்டர்தான்! தலைப்பு வைத்தவருக்கு இது தெரியாமலும் இருந்திருக்கலாம்; தெரிந்தும் கவலைப்படாமல் இருந்திருக்கலாம். இவ்வகைப் படங்களின் இயல்பே அதுதான்.

இனி, அதன் வழிநூலுக்கு வருவோம். 1954-இல் ஜப்பானின் தோஹோ நிறுவனத் தயாரிப்பாளர் தோமோயுக்கி தனாக்கா, இந்தோனேசியாவோடு கூட்டாக எடுக்கவிருந்த ஒரு படம் கைகூடாமற்போகவே, ஜக்கார்த்தாவிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த இடத்தை நிரப்ப உடனே வேறொரு படம் வேண்டும். கீழே விரிந்திருந்த கடலைப் பார்த்தபோது எண்ணம் உதித்தது என்பது அவர் சொல்லிவந்த கதை. முந்திய ஆண்டின் அமெரிக்கப் படத்தை அவர் எவ்வளவு நெருங்கிப் பின்பற்றினார் என்பதற்குத் திட்டத்தின் முதல் தலைப்பே சான்று: அதுவும் கடலடியில் இருபதாயிரம் அளவுத் தொலைவிலிருந்து வரும் பெருவிலங்கு என்றே இருந்தது. அணுகுண்டால் விழிக்கும் விலங்கு, கடலிலிருந்து தலைநகருக்குள் நுழைந்து நகரை அழிக்கும் விலங்கு. கதையின் எலும்புக்கூடு அப்படியே முதல்நூலினுடையது. சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி ட்சுபுராயாவும் 'கிங் காங்' படத்தால் ஈர்க்கப்பட்டவரே. பொம்மையை அசைத்துப் படம் பிடிக்கக் காலம் போதாது என்பதால், 100 கிலோ அளவுக்குக் கனத்த உடையொன்றுக்குள் ஹருவோ நாகாஜிமா என்னும் நடிகரை நுழைத்து நடக்கச் செய்தார்கள். இந்தப் படம்தான் 'கோஜிரா'; உலகம் காட்சில்லா என்று அறிவது.

ஆனால் இந்த வழிநூலில் பின்வந்தவர் வைத்த வேறுபாட்டைப் பாருங்கள். 1954 மார்ச் 1-ஆம் நாள் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. தொலைவில் சூரைமீன் பிடித்துக்கொண்டிருந்த 'ஐந்தாம் ஃபுக்குரியூ மாரு' என்னும் ஜப்பானியப் படகின்மீது வெண்ணிறச் சாம்பல் மழையாகப் பொழிந்தது. படகில் இருந்தோர் 23 பேர். அனைவரும் கதிர்வீச்சால் நோயுற்றனர். வானொலிப் பணியாளர் ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது 'கோஜிரா' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 3-ஆம் நாள் படம் வெளியாயிற்று. இடையில் 41 நாள்.

இஷிரோ ஹோண்டா இயக்கிய அப்படம் ஒரு சிறு கப்பலில் தொடங்குகிறது. மாலுமிகள் ஓய்வாக அமர்ந்திருக்கிறார்கள். கடல் திடீரென ஒளிர்கிறது; கப்பல் எரிகிறது; வானொலிப் பணியாளர் செய்தி அனுப்ப முயல்கிறார். அரங்கில் அமர்ந்திருந்த ஜப்பானியருக்கு அந்தக் காட்சி எதைக் குறிக்கிறது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்கப் படத்தில் அணுகுண்டு கதையைத் தொடங்கிவைக்கும் தீக்குச்சி. எரிந்து முடிந்ததும் மறக்கப்படுவது. இறுதியில் அந்த விலங்கைக் கொல்வதும் கதிரியக்கப் பொருளே. ஜப்பானியப் படத்திலோ, விலங்கைக் கொல்லும் கருவியைக் கண்டறிந்த அறிவியலாளர் செரிஸாவா, அக்கருவி இன்னொரு முறை எவர் கைக்கும் போகக் கூடாது என்று தம் குறிப்புகளை எரித்துவிட்டு, விலங்கோடு தாமும் கடலடியில் மடிகிறார். பதினாறு மாத இடைவெளியில் வந்த இரு படங்கள்; ஒரே கதை. முன்னதை நான் மகிழ்ந்து பார்த்தேன். பின்னதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. புதுமை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டிருந்தால், இவற்றுள் பின்னதைத்தான் நாம் தள்ளியிருப்போம்.

அடுத்து 'ஜாஸ்'. 1975 ஜூன் 20-ஆம் நாள் அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட அரங்குகளில் ஒரே நேரத்தில் வெளியான இப்படத்தைப் பலரும் முதல்நூலாகக் கருதுகின்றனர். பீட்டர் பெஞ்ச்லியின் நாவலைத் தழுவியது இது. சுறாவின்மீது தீராப் பகை கொண்ட குவின்ட் என்னும் மீனவர், 1851-இல் வெளிவந்த மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலின் கப்பல்தலைவருக்கு உறவினர். கடற்கரையை மூடினால் வருமானம் போய்விடும் என்று உண்மையை மறைக்கும் நகரத்தந்தை, 1882-இல் இப்சன் எழுதிய 'மக்கள் பகைவன்' நாடகத்திலிருந்து நடந்து வந்தவர்போல் இருக்கிறார். கால்களை வேலியாக நிறுத்திய நம் அரசரையும் அவர் அருகில் உட்கார வைக்கலாம்.

அப்படத்தின் தனிச்சிறப்பாக நாம் போற்றும் ஒன்று தற்செயலாக வாய்த்தது. படப்பிடிப்புக்கெனச் செய்த இயந்திரச் சுறா உப்புநீரில் ஓயாமல் பழுதானது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. சுறா இல்லாமலே சுறாவைக் காட்ட வேண்டிய நெருக்கடி இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கு. நீரைக் கிழித்து ஓடும் மஞ்சள் நிறப் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுர இசை, நீர்மட்டத்தில் நிறுத்திய கேமரா ஆகியவை சுறாவின் வேலையைச் செய்தன. பார்வையாளர் கடற்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தனர். காட்டில் புலி வந்தால் மரம் அசையும், பறவை கத்தும். கடலில் மேற்பரப்புக்குக் கீழே கண் போகாது. இவ்வகைக் கதைகள் எத்தனை முறை சொன்னாலும் தேயாமல் இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

'ஜாஸ்' வென்றபின் அதன் வழியில் வந்தவை எண்ணற்றவை. பெரும்பாலானவற்றை நான் பார்த்ததில்லை; பார்த்தவற்றுள் சிலவற்றைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். இத்தாலியில் 1981-இல் எடுக்கப்பட்ட சுறாப்படம் ஒன்று மூலத்தை அளவுக்கு மீறி ஒத்திருந்தமையால், யுனிவர்சல் நிறுவனம் வழக்குத் தொடுத்து அதனை அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்து அகற்றச் செய்தது. இதற்கு நேர்மாறானது 1978-இல் ஜோ டான்டே இயக்கிய 'பிரானா'. கதைத்தலைவி 'ஜாஸ்' மின்விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பதாக அவரை அறிமுகப்படுத்தி, தான் எதன் பிள்ளை என்பதை அப்படம் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. பெருஞ்சுறாவின் இடத்தில் கையளவு மீன்கள். கடலின் இடத்தில் ஆறு. அம்மீன்களை வியட்நாம் போருக்காக அமெரிக்க இராணுவமே வளர்த்தது என்னும் ஒரு வரியில், மலிவான அப்படத்துக்குள் அக்காலத்தின் குற்றவுணர்வு நுழைந்துவிடுகிறது. 1989-இல் மட்டும் 'டீப்ஸ்டார் சிக்ஸ்', 'லெவியதன்', 'த அபிஸ்' எனக் கடலடி நிலையங்களை வைத்து அடுத்தடுத்து வந்தன. முதலிரண்டும் 1979-இன் 'ஏலியன்' படத்தை விண்ணிலிருந்து கடலுக்கு இறக்கியவை.

எந்தக் காலத்தின் குற்றவுணர்வையும் சுமக்காமல் வெறுமனே மகிழ்விப்பதற்காக எடுக்கப்பட்ட படத்தை என்ன செய்வது என்னும் கேள்வி எஞ்சுகிறது. 'கோஜிரா'வைப் போற்றுவது எளிது. அதற்குப் பின்னால் இருபத்துமூன்று மீனவர் நிற்கிறார்கள். நான் 1998-இன் 'டீப் ரைசிங்' படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அதன் கதை நிகழும் இடம் நம் வீட்டு வாசல்: தென் சீனக் கடல். நம்மில் பலர் விடுமுறைக்குத் தியோமான் தீவுக்குப் படகேறும் அதே கடல். (அந்தத் தீவே, பயணத்தின் நடுவில் இளைப்பாற இறங்கிய நாக இளவரசியின் உடல் என்று சொல்வார்கள்.) ஆர்கோனாட்டிகா என்னும் புத்தம்புதிய சொகுசுக் கப்பல் முதற்பயணத்தில் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. அதனைக் கொள்ளையிடக் கூலிப்படை ஒன்று ஃபின்னெகன் என்பவரின் படகை வாடகைக்கு அமர்த்தி வந்து சேர்கிறது. கப்பலில் ஏறினால் ஆளே இல்லை, குருதிக்கறை மட்டும். நூற்றுக்கணக்கான பயணிகளை ஆழத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று உறிஞ்சித் தீர்த்திருக்கிறது. கப்பலின் உரிமையாளரே காப்பீட்டுப் பணத்துக்காக அதனை மூழ்கடிக்க இந்தக் கொள்ளையரை ஏற்பாடு செய்தவர் என்பது நடுவில் தெரியவருகிறது.

இதில் புதியது என்ன? ஒன்றுமில்லை. 'ஏலியன்' படத்தின் இருண்ட தாழ்வாரங்கள், 1972-இன் 'போசைடன் அட்வெஞ்சர்' படத்தின் கப்பல், 'ஜாஸ்' வழிவந்த பேராசைக்காரர். விமர்சகர்கள் இதையெல்லாம் எடுத்துக்காட்டிச் சாடினர். அன்றியும் படம் வெளியான 1998 ஜனவரி இறுதியில், வேறொரு கப்பல் உலகத் திரைகளில் மூழ்கிக்கொண்டிருந்தது. 'டைட்டானிக்' வெளியாகி ஆறே வாரம். சுமார் 45 மில்லியன் டாலரில் எடுக்கப்பட்ட 'டீப் ரைசிங்' அமெரிக்க அரங்குகளில் 11 மில்லியன் அளவே ஈட்டியது.

எனினும் அது மறையவில்லை. தொலைக்காட்சியிலும் குறுந்தட்டிலும் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டு, இன்றும் அன்போடு பேசப்படுகிறது. ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். இரவு முழுதும் நடக்கும் தெருக்கூத்தில் துச்சாதனன் துகிலுரிவான் என்பது ஊரில் எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் விடியுமட்டும் உட்கார்ந்திருப்பது, இன்றைய துச்சாதனன் எப்படி ஆடுகிறான் என்று பார்க்கவே. அதுபோல, இந்தப் படத்தில் உரிமையாளர் இறுதிவரை தப்பமாட்டார் என்பது நமக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு முறை தப்பும்போதும் நம்முடைய கணக்கில் கடன் ஏறுகிறது. கடைசியில் வட்டியோடு தீர்க்கப்படுகிறது. இயக்குநர் ஸ்டீபன் சோமர்ஸ் அந்தக் கணக்கை நேர்மையாக நடத்துகிறார். தனித்தனிப் பாம்புகள்போல் தோன்றியவை ஒரே பேருடலின் கைகள் என்று தெரியவரும் இடம், கப்பலின் தாழ்வாரங்களுக்குள்ளேயே நீர்விசைவண்டியில் பாய்ந்து தப்பும் இடம், எல்லாம் முடிந்து கரை ஒதுங்கியவர்கள் மூச்சுவிடும்போது தீவின் காட்டுக்குள்ளிருந்து எழும் உறுமல் ஆகியவை பழைய தாளத்துக்குள் போட்ட புதிய அடவுகள். ஃபின்னெகனின் இயந்திரப் பணியாளராக வரும் கெவின் ஓகானர், ஓயாமல் புலம்பிக்கொண்டே, கட்டியங்காரன்போல் படத்தைத் தாங்குகிறார். அடுத்த ஆண்டே சோமர்ஸ் இதே கலவையைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய், ஓகானரையும் உடன் அழைத்துச் சென்று, 'த மம்மி' எடுத்தார். அது உலகெங்கும் 400 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியது. கடலில் பயின்ற கை மணலில் பலன் கண்டது எனலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைக்கு விலையும் உண்டு. பெஞ்ச்லி தம் நாவலுக்குப் பின் பல்லாண்டுகள் சுறாக்களைக் காப்பதற்காகவே உழைத்தார். இன்று தெரிந்தவை அன்று தெரிந்திருந்தால் அந்நூலை எழுதியிருக்கமாட்டேன் என்னும் பொருள்படப் பேசினார். ஒரு படம் பரப்பிய அச்சத்தை அதன் வழிவந்த நூறு படங்கள் உண்மைபோல் உறுதிப்படுத்திவிட்டன. 'கோஜிரா' போன்ற கற்பனை விலங்கால் எந்த உயிருக்கும் கேடில்லை. சுறா உண்மையான உயிர்.

கற்பனை விலங்கு என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த திமிங்கிலம் என்பதற்கு, திமி என்னும் பெருமீனை விழுங்குவது என்று பொருள். அதோடு நிற்கவில்லை; அந்தத் திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். இரண்டாம் பாகம் எடுக்கும் தயாரிப்பாளரின் மனம் அன்றே சொல்லாக்கத்தில் வேலை செய்திருக்கிறது. 2018-இல் சீன, அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக வந்து 500 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டிய 'த மெக்' படத்துக்கு 2023-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் தொடக்கக் காட்சியில் சிறுபூச்சியை ஒன்று தின்ன, அதனை மற்றொன்று தின்ன, கடைசியில் டைனோசரை மெகலடான் சுறா விழுங்குகிறது. அவ்விரண்டு உயிர்களுக்கும் இடையே நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டென்று அறிவியல் ஆசிரியர்கள் சொல்வார்கள். அரங்கில் என் அருகில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி, அந்த மாணவனின் கட்டுரை. கடலில் ஒரு கப்பல்; ஆழத்திலிருந்து வரும் பல கைகளுள்ள விலங்கு; ஒருவர்பின் ஒருவராக மடியும் மாலுமிகள். எந்தெந்தப் படத்திலிருந்து எந்தெந்தக் காட்சி வந்தது என்று என்னால் விரல்விட்டுச் சொல்ல முடிந்தது. ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன். அவனுடைய தந்தை கப்பல் பட்டறையில் வேலை செய்பவர் என்பதைப் பெற்றோர் சந்திப்பின்போதுதான் அறிந்தேன். அவர் என்னிடம் பேசியது சில சொற்களே. அன்றிரவுதான் கட்டுரையில் நான் வேகமாகக் கடந்துபோன ஒரு பத்தி நினைவுக்கு வந்தது.

விலங்கு கப்பலைப் பற்றிக்கொண்டதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: எல்லாரும் மேல்தளத்துக்கு வாருங்கள். எல்லாரும் ஓடுகிறார்கள். கீழே அடுக்களையில் ஒரு சமையற்காரர் மட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். அறிவிப்பு அவர் காதிலும் விழுகிறது. அது அவருக்குத் தெரியாத மொழி. வழக்கமான அறிவிப்பாக இருக்கும் என்று எண்ணி, உலை கொதிக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கிறார்.

நான் பார்த்த எந்தக் கடல் அரக்கன் படத்திலும் அந்தச் சமையற்காரர் இல்லை. அவர் தப்பினாரா என்பதைச் சொல்வதற்குள் தாள் முடிந்துவிட்டிருந்தது.